பாட்டுப் புத்தகத்தில் இல்லாதது

உ
திருவண்ணாமலை
14.7.1979

அன்புள்ள முன்னி பேகத்துக்குத் திரௌபதி எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரர் ஜியாவுல்லாவும் பிள்ளை ரஹமத்தும் சுகம்தானே. ஆற்காட்டுக்கு வாழப்போன மருமகள் சினிமா பார்க்கக் கூடாது என்று உன் மாமியார் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பாட்டுப் புத்தகம் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. இத்துடன் இரண்டு வைத்திருக்கிறேன். வழக்கம்போல அதில் பாதிக் கதைதான் இருக்கும். கடைசி வரியில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கையை விரித்துவிடுவார்கள். கவலைப்படாதே, உனக்கு வெள்ளித்திரை நான்தான். கொட்டகையில் லேடீஸ் கேட்டில் டிக்கெட் கிழிக்கிறவள் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி.

பச்சை அட்டை போட்டது இரட்டை வேடப் படம். அண்ணனுக்குக் கன்னத்தில் மச்சம், தம்பிக்கு இல்லை. இடைவேளைக்கு அப்புறம் மச்சம் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போய்விட்டது. பெஞ்சு டிக்கெட் ஜனம் முழுக்க 'மச்சம் எங்கடா' என்று கத்தியது. முடிவில் தம்பி அண்ணனுக்காகக் குண்டடி பட்டுச் சாகிறான். யாருக்கும் அழுகை வரவில்லை, செத்தது யாரென்று தெரிந்தால்தானே. தண்டமான படம். நாற்பது நாள் ஓடியது.

மஞ்சள் அட்டை போட்டது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றிய படம். சண்டை இல்லை, டான்ஸ் இல்லை. ரயில் ஏறி ஊரை விட்டுப் போகும்போது ஒரே ஒரு பிள்ளை மட்டும் ஓடி வந்து அவர் மறந்துவிட்ட குடையைக் கொடுக்கிறது. அத்தோடு படம் முடிந்துவிடுகிறது. நான் கேட்டைத் திறக்க மறந்து நின்றுவிட்டேன். நல்ல படம், அதனால் மூன்றே நாளில் எடுத்துவிட்டார்கள். மேனேஜர் சின்னசாமி சாரிடம் கேட்டால், "படம் நல்லாத்தான் கீது, ஜனங்கதான் கம்மி" என்கிறார்.

ரஹமத் இப்போது தவழ்கிறானா? பிரசவத்துக்கு நீ இங்கே வந்திருந்த நாற்பது நாளும் என் மடியில்தான் கிடந்தான். தீபத்துக்கு மலை சுற்றி வந்த கூட்டம் கால்வலிக்கு டிக்கெட் எடுத்து உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, நான் கேட்டைப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தது நினைவிருக்கிறதா? அவன் என்னை மறக்காமல் பார்த்துக்கொள், என் பேரைச் சொல்லிக்கொண்டே இரு.

உன்
திரௌபதி


786
ஆற்காடு
3.8.1979

அடியே திரௌபதி,

உன் கடிதம் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் மாட்னி ஷோ நடந்தது. மத்தியானம் ஆம்பிளைகள் கடைக்குப் போனதும் எல்லோரும் உட்கார்ந்தோம். பாட்டுப் புத்தகத்தை நான் படித்தேன். 'மீதியை வெள்ளித்திரையில்' என்று வந்ததும் உன் கடிதத்தை எடுத்தேன். என் ஓரகத்தி நசீம் பானு வாத்தியாரின் குடைக்கு முந்தானையை நனைத்துக்கொண்டாள். மாமியார் மட்டும் நாங்கள் இருக்கும் பக்கமே திரும்பாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டது யார் தெரியுமா, சினிமா ஹராம் என்று சொன்ன அதே அம்மாதான்.

எனக்கு இரட்டை வேடப் படத்தில் ஒரு குறை. அண்ணன் பெண்டாட்டி கட்டிய புருஷனை மச்சத்தை வைத்தா அடையாளம் கண்டுபிடிப்பாள்? நடந்து வரும் சத்தத்திலேயே தெரிந்துவிடாதா? பார்க்காத படத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுகிறேன், பார்த்திருந்தால் என்ன பாடு படுத்தியிருப்பேன்.

ரஹமத் தவழ்கிறான், சைக்கிள் கடையிலிருந்து அவர் வரும் நேரத்துக்கு வாசல்படிக்குப் போய்விடுகிறான். அவர் முதுகில் தட்டினால்தான் தூங்குவான். நான் தட்டினால் விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கிறான். பத்து மாதம் சுமந்தவள் நான், தூக்கம் மட்டும் அப்பன் கையில்.

ஒன்று சொல்கிறேன், நல்ல முடிவோ கெட்ட முடிவோ, உள்ளதை உள்ளபடி எழுது. உன் கண்ணை நம்பித்தான் நான் படம் பார்க்கிறேன்.

முன்னி


786
ஆற்காடு
28.12.1981

திரௌபதிக்கு,

ரஹமத் போய் இன்றோடு நாற்பது நாள். பாத்திஹா ஓதி முடித்தாயிற்று. காய்ச்சல் மூன்று நாள்தான். நாலாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான். உனக்குத் தெரியும். அம்மா அங்கிருந்து பஸ் ஏறும் முன்னால் உன் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன் என்றாள்.

நீ வரவில்லை. யார் யாரோ வந்தார்கள். அவருக்குச் சைக்கிள் ரிம் சப்ளை செய்கிறவர் குடும்பத்தோடு வந்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் நான் வாசலைப் பார்த்தேன்.

இன்னொன்றையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். அவர் அழவில்லை. அடக்கம் செய்துவிட்டு வந்து கால் கழுவினார், போட்ட சோற்றைத் தின்றார். மறுநாள் காலையில் எழுந்து முதல் வேலையாகக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளையை மண்ணில் வைத்த மறுநாள் ஒரு மனுஷனுக்குச் செருப்பு நினைவு வருமா, நீயே சொல்.

உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வேறு யாரிடம் சொல்வது.

முன்னி


உ
திருவண்ணாமலை
20.2.1982

அன்புள்ள முன்னிக்கு,

உன் கடிதம் கிடைத்து இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டில் வேறு ஆள் இல்லை, புதுப் படம் போட்ட வாரம். அதைப் பற்றி இனி என்ன எழுதுவது. நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

ஒரு பாட்டுப் புத்தகம் அனுப்புகிறேன். முதலில் அனுப்ப வேண்டாம் என்று நினைத்தேன், அப்புறம் மனசு மாறி அனுப்புகிறேன். வளையல் விற்கிறவளின் கதை. புத்தகத்தில் 'ஜுரத்தில் துவண்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டும் மழையில் பார்வதி ஓடினாள். வைத்தியர் வந்தாரா, மகன் பிழைத்தானா' என்று கேட்டு நிறுத்தியிருப்பார்கள். பிழைத்துவிடுகிறான் முன்னி. டாக்டர் மாட்டு வண்டியில் எதிரே வந்துவிடுகிறார். ஒரு ஊசி போட்டதும் பிள்ளை கண்ணைத் திறந்து "அம்மா, பன்" என்று கேட்கிறது. கொட்டகை முழுக்க ஒரே கைதட்டல். வளையல்காரியாக நடித்தவள் புதுசு, நன்றாகச் செய்திருக்கிறாள், பாட்டுக்கு வாயசைக்கத்தான் தெரியவில்லை. காமெடி வழக்கம்போல அறுவை.

இனிமேல் மாதம் தவறாமல் எழுதுகிறேன்.

உன்
திரௌபதி


786
ஆற்காடு
19.8.1985

திரௌபதிக்கு,

பக்கத்து வீட்டில் டி.வி. வாங்கி மாடியில் கம்பம் நட்டிருக்கிறார்கள். மெட்ராஸ் தெரிகிறது, காற்றடித்தால் தெரிவதில்லை. கொட்டகைக்குப் போனால்தான் தப்பு, வீட்டுக்குள் வந்தால் தப்பில்லை என்று மாமியாரே சொல்லிவிட்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போய் உட்கார்ந்தோம். போட்டது உன் வளையல்காரி படம்.

நசீம் பானு பக்கத்திலிருந்த பெண்ணிடம், "பயப்படாதே, டாக்டர் மாட்டு வண்டியில வந்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி வரவே இல்லை. டாக்டர் வீடு பூட்டியிருந்தது. பிள்ளை அந்தப் படிக்கட்டிலேயே, தாய் தோளிலேயே போய்விட்டது. அப்புறம் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு நடக்கிறாள். ஆம்பிளைகள் மறிக்கிறார்கள். அவள் நிற்காமல் போகிறாள். யாரும் எழுந்து போகவில்லை. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு வருஷத்தில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களையெல்லாம் எடுத்துப் பரப்பினேன். ரஹமத் போன பிறகு நீ எழுதிய ஒரு படத்தில்கூட ஒரு பிள்ளை சாகவில்லை. ஜுரம் வந்தது எழுந்து உட்கார்ந்தது, கிணற்றில் விழுந்ததை எவனோ குதித்துத் தூக்கினான், திருவிழாவில் தொலைந்தது போலீஸ் ஸ்டேஷனில் கிடைத்தது. ஊரில் எல்லார் பிள்ளையும் பிழைக்கிறதே, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடியிருக்கிறேன். அதெல்லாம் நீ இட்டுக்கட்டினது என்று இப்போது தெரிகிறது. நேற்றுத்தான் எனக்குத் துணையாக ஒருத்தி அழுதாள், அவளும் படத்தில் வருகிறவள்.

உள்ளதை உள்ளபடி எழுது என்று கேட்டேன். உன் கண்ணை நம்பினேன். இனி எனக்குக் கடிதம் வேண்டாம், பாட்டுப் புத்தகமும் வேண்டாம்.

முன்னி பேகம்


உ
திருவண்ணாமலை
27.8.1985

முன்னி,

வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நான் முடிவுகளை மாற்றவில்லை. அந்த முடிவுகளை நான் பார்க்கவே இல்லை. திரையில் ஒரு பிள்ளை இருமினால் போதும், கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுவேன். முறுக்கு விற்கிற மண்ணாங்கட்டி தட்டோடு உட்கார்ந்திருப்பாள். "இன்னாக்கா, இன்னைக்கும் பாதியிலயே வந்துட்ட?" என்பாள். உள்ளே ஜனம் அழுகிற சத்தம் கேட்கும். அது எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேறு எழுதினேன். உனக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தேன். உனக்கு என்பது பாதிதான். எழுதும்போதாவது ஒரு பிள்ளை எழுந்து உட்காரட்டும் என்று எனக்கே இருந்தது. அது உன்னை இப்படித் தனியாக நிறுத்தும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. நான் பாவி.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா. கிடைத்தது. சின்னசாமி சாரே என் கையில் பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து, "போயிட்டு வாம்மா" என்றார். வந்தேன். உன் தெருமுனையில் இறங்கி நின்றேன். உன் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அதில் உன் குரல் எது என்று தெரிந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குள் உன் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கூட்டத்துக்குப் பின்னாலேயே கபருஸ்தான் வரைக்கும் போனேன். அங்கே போகத் தெரிந்த எனக்கு, உன் வீட்டுக்குள் வரத் தெரியவில்லை. அப்படியே ஆரணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

படத்தில் பாதியில் எழுந்து வந்தவள் உன்னிடமும் பாதியில் எழுந்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

திரௌபதி


786
ஆற்காடு
2.9.1985

திரௌபதி,

கபருஸ்தான் வரைக்கும் நீ போனாயா?

எங்களில் பெண்கள் போவதில்லை. எனக்கு வாசல்படி வரைக்கும்தான். பிள்ளையை அவர் கையில் கொடுத்தார்கள், அவர் படி இறங்கினார், யாரோ கதவைச் சாத்தினார்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் தூக்கினார்கள், யார் இறக்கினார்கள், எந்த மரத்துக்குப் பக்கத்தில். அன்றைக்கு அவரைக் கேட்டேன். "ஆச்சு" என்றார். நாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் கேட்டால் கடைக்குப் போய்விடுகிறார்.

உனக்கு மறைப்பானேன். சோறு போடுவதோடு சரி, நானும் அவரோடு பேசி வெகுநாளாயிற்று. அந்தப் புதுச் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது. தேய்ந்து, அறுந்து, வேறு வாங்கியும் ஆயிற்று, எரிச்சல் மட்டும் போகவில்லை. கல் மனசுக்காரரோடு எதற்கு இருக்க வேண்டும், இந்த மாதக் கடைசியில் ஒரேயடியாக அம்மா வீட்டுக்கு வந்துவிடலாம் என்றிருக்கிறேன். பெட்டியில் துணி எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் எனக்கு அது தெரிய வேண்டும். என்னிடம் இருப்பது பாட்டுப் புத்தகம்தான், வாசல்படியோடு நின்றுவிட்டது. மீதி உன்னிடம் இருக்கிறது. எழுது. எனக்கு வலிக்கும் என்று பார்க்காதே. வண்டி வராவிட்டால் வரவில்லை என்று எழுது. இந்தத் தடவை மாற்றினாயானால் செத்தாலும் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

முன்னி


உ
திருவண்ணாமலை
8.9.1985

முன்னி,

சினிமாவுக்கு எழுதுவதுபோல இதை என்னால் எழுத முடியவில்லை. நாலு தாள் கிழித்துவிட்டேன். பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்கிறேன்.

பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. சந்தூக்குப் பெட்டியில் வைக்கவில்லை. அவரே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். வழியில் நாலைந்து பேர், "நான் வாங்கிக்கறேன் பாய்" என்று கை நீட்டினார்கள். அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. அரிசி மில் தாண்டியதும் அவருடைய அண்ணன் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு வந்தார்.

நான் உள்ளே போகவில்லை. எதிர்ப்புறம் ஒரு டீக்கடை இருக்கிறது, சுவர் இடிந்த இடம் அதற்கு நேரே. அங்கிருந்து தெரிந்தது. வேப்பமரத்துக்குக் கிழக்கே, நாலடி தள்ளி. அவர்தான் குழிக்குள் இறங்கினார். வைத்துவிட்டு உடனே ஏறவில்லை. மேலே நின்றவர்கள் கூப்பிட்டார்கள், இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. எல்லோரும் மூன்று மூன்று பிடி மண் போட்டார்கள். அவர் கணக்கில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் எனக்குப் பசித்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறாய். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. டீக்கடையில் ஒரு பன் வாங்கி, அங்கே நின்றபடியே தின்றேன். ரஹமத்தை மண்ணில் வைக்கும்போது நான் பன் தின்றேன் முன்னி. அந்தப் பன்னைத்தான் பிறகு வளையல்காரி மகன் கேட்டதாக உனக்கு எழுதினேன்.

துஆ ஓதி முடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். அண்ணன் அவர் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று திரும்பினேன். அப்போது அவர் மட்டும் திரும்பி வந்தார். வெயில் தாழ்ந்திருந்தது, சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்மேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அழுவார் என்று பார்த்தேன். சத்தம் எதுவும் இல்லை. வலது கையை மேட்டின்மேல் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். மெதுவாக, ஒரே அளவில், பிள்ளையைத் தூங்க வைக்கத் தட்டுகிற மாதிரி. நடுவில் கை வலித்திருக்கும், இடது கைக்கு மாற்றிக்கொண்டார். டீக்கடைக்காரர் இரண்டு தடவை பால் காய்ச்சினார், அவ்வளவு நேரம். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு எழுந்தார். தூங்குகிற பிள்ளை பக்கத்திலிருந்து எழுந்திருக்கிறவர்போல, கையை மெல்ல எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நாலடி நகர்ந்தார். திரும்பி, சுவரோரமாக வெறுங்காலில் நடந்து போய்விட்டார். அந்தப் பாதை முழுக்க முள். செருப்பு மரத்தடியிலேயே கிடந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டால் உன்னிடம் சொல்லிவிடுவார் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவினார் என்று எழுதியிருந்தாய். மறுநாள் புதுச் செருப்பு வாங்கினார் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்கே உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் வந்தது தெரிந்துவிடுமே என்று என் மானத்தைப் பார்த்துக்கொண்டேன். உன் நாலு வருஷத்தைத் தின்றது அந்த மானம்தான்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்ததும், செருப்பை எங்கே விட்டீங்க என்று மட்டும் கேள்.

திரௌபதி